நுரையைப் படிக்கும் கேமரா

மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு ஊர் ஊராகச் சாமிகள் வந்து சேரும். மயிலம் முருகன் வருவார், தீவனூர் பிள்ளையார் வருவார், செஞ்சி, திண்டிவனம் பக்கத்துப் பெருமாள்கள் வருவார்கள். அவர்களைப் பார்க்கப் புதுச்சேரியே திரளும். இத்தனை பேரும் நிற்க மணல் வேண்டும். அந்த மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புதுச்சேரிக் கடலோரத்தை அலைக்கழிக்கும் கேள்வி.

1980களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்ந்து வந்து உடைகின்றன. அந்தச் சாய்வு கரையோர நீரை வடக்கே தள்ளுகிறது. கலங்கிய மணலும் கூடவே போகிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் சில மாதங்கள் திசை மாறும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். பல லட்சம் கன மீட்டர் மணல். சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடற்கரைச் சாலையும் குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும் மணலை இழந்தன. தெற்கில் சேர்வதை அள்ளி வடக்கே கொட்டும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தும் முறையாகத் தொடரவில்லை. கரையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது. அரிப்பு வடக்கே நகர்ந்து, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் வீடுகளைத் தொட்டது. பிறகு தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஓர் எஃகுத் திட்டை மூழ்கவைத்தது, மணலும் கொட்டப்பட்டது. காந்தி சிலைப் பக்கம் மணற்பரப்பு திரும்பி வந்ததை ஊரே பார்த்தது.

இந்தக் கதையில் எந்தப் பக்கம் நின்று வாதாடினாலும் கடைசியில் ஒரே அளவில்தான் வந்து நிற்க வேண்டும்: அலை உடையும் இடத்தில் நீர் எந்தத் திசையில், என்ன வேகத்தில் ஓடுகிறது? திசையைச் சொல்ல இந்தக் கரையின் மீனவர்களுக்குக் கருவி வேண்டாம். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து வந்தால் வன்னி என்று வலையின் இழுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். வேகத்தை எண்ணாகப் பதிவுசெய்வது வேறு வேலை. ஆழ்கடலில் மிதவை கட்டலாம், நீரோட்டமானியை அடியில் உட்காரவைக்கலாம். அலை உடையும் ஒரு மீட்டர் ஆழத்தில் அந்தக் கருவியை மணல் மூடிவிடும், அல்லது அலை புரட்டிவிடும். அங்கே அலையே ஒரு குறியை மிதக்கவிடுகிறது: நுரை. உயரத்தில் ஒரு கேமராவை வைத்து, அந்த நுரை நகர்வதை மென்பொருளால் அளக்கலாம். இதற்குக் கருவி மலிவு, ஆனால் கேமராவை அமைப்பதில் இருக்கிற கவனம் மலிவானதல்ல. மென்பொருளிடம் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அழகான அம்புக்குறிகளைப் போட்டுத் தந்துவிடும். அந்த அம்பு உண்மையா பொய்யா என்பது கேமராவை முக்காலியில் ஏற்றும்போதே முடிவாகிவிடுகிறது.

ஓடும் நீரையும் காற்றையும் படம் பிடித்துப் படிக்கும் ஆசை பழையது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் எத்தியேன்-ழூல் மாரே புகை இழைகளைத் தடைகளின்மேல் பாயவிட்டுப் படமெடுத்தார். 1904இல் எல்லைப் படலம் பற்றிய புகழ்பெற்ற உரையை நிகழ்த்திய லுட்விக் பிராண்டல், கையால் சுழற்றும் துடுப்புச் சக்கரம் வைத்த நீர்த்தொட்டியில் மைக்காத் துகள் தூவி ஓட்டத்தைக் கண்ணுக்குத் தெரியச் செய்தார். தெரிந்தது வடிவம், எண் கிடைக்கவில்லை. 1984இல் அமெரிக்கர் ரொனால்டு ஏட்ரியன் 'துகள் பட வேகமானம்' என்ற முறைக்கு அடித்தளம் போட்டு எழுதினார். ஆய்வாளர்கள் அதைச் சுருக்கமாகப் பி.ஐ.வி. என்பார்கள். 1991இல் வில்லர்ட்டும் கரீபும் படச்சுருளை ஒதுக்கிவிட்டு டிஜிட்டல் கேமராவுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். 1998இல் ஃபுஜிதா, முஸ்தே, குரூகர் மூவரும் தொட்டியை விட்டு வெளியேறி, ஆற்றின் மேற்பரப்பை அதே முறையில் அளப்பதை விளக்கினார்கள். கடலோரத்தில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ராப் ஹோல்மன் 1980களிலேயே கேமராவை நிறுத்தியிருந்தார். பத்து நிமிடப் படங்களைச் சராசரியாக்கினால் அலை உடையும் இடமெல்லாம் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். அதற்கு அடியில்தான் மணல்திட்டு. 2003இல் அவரும் சிக்கடெல், ஃப்ரைலிக் ஆகியோரும் நுரையின் நகர்விலிருந்தே கரையோர நீரோட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். வைத்திக்குப்பத்துக்கு வேண்டியது அதுதான்.

மென்பொருள் என்ன செய்கிறது? மாசிமகக் கூட்டத்தை மாடியிலிருந்து பார்க்கிறீர்கள். ஒரு முகமும் அடையாளம் தெரியாது. ஆனால் நாலு குடை, இரண்டு கொடி, ஒரு மஞ்சள் சேலை சேர்ந்த ஒரு கொத்தைக் கண்டுவைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால், அதே கொத்து எங்கே போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, முதல் படத்துக் கட்டத்தின் ஒளி-நிழல் அமைப்பு இரண்டாம் படத்தில் எங்கே அதிகமாகப் பொருந்துகிறது என்று கணினி தேடுகிறது. நகர்ந்த தூரத்தை இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் வேகம். இதைச் செய்ய இன்று இலவச மென்பொருள்களே இருக்கின்றன. திலிக்கேயும் ஸ்டாம்ஹுயிஸும் உருவாக்கிய பிஐவிலேப், பைத்தான் மொழியில் இயங்கும் ஓப்பன்பிஐவி இரண்டும் மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்துபவை. கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. இரண்டு படங்களுக்கு நடுவே கொத்து தன் கட்டத்தில் கால் பங்குக்கு மேல் நகரக் கூடாது என்பதும், கட்டத்துக்குப் பத்துத் துகளாவது இருக்கவேண்டும் என்பதும் 1990இல் கீனும் ஏட்ரியனும் தந்த வழிகாட்டல். கட்டம் 32 பிக்சல் என்றால் நகர்வு 8 பிக்சலுக்குள். அதிகம் நகர்ந்தால் கொத்து கட்டத்தை விட்டே வெளியேறி, கணினி வேறு எதையோ அதுவென்று பிடித்துக்கொள்ளும்.

ஆய்வுக்கூடத்தில் இது எவ்வளவு இறுக்கமான நிபந்தனை என்று பாருங்கள். காற்றுச் சுரங்கத்தில் வினாடிக்கு 10 மீட்டர் காற்று, அதில் மிதக்கும் துகள்களுக்கு வெளிச்சம் தருவது லேசர் துடிப்புகள். 10 செ.மீ. அகலத்தை 2000 பிக்சலில் பார்த்தால் ஒரு பிக்சல் 0.05 மி.மீ. எட்டு பிக்சல் என்பது 0.4 மி.மீ. அந்தத் தூரத்தைக் காற்று 40 மைக்ரோ வினாடியில் கடந்துவிடும். அந்த இடைவெளியில் தொடர்ந்து படமெடுக்க வினாடிக்கு 25,000 படம் எடுக்கும் கேமரா வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் அறிவியல் கேமராக்களில் இரட்டைப் படம் எடுக்கும் வசதி இருக்கிறது. முதல் படத்தின் ஒளிபடு நேரம் முடிகிற கணத்திலேயே இரண்டாவது தொடங்கிவிடும். முதல் லேசர் துடிப்பை முதல் படத்தின் கடைசி நுனியிலும், இரண்டாம் துடிப்பை இரண்டாம் படத்தின் ஆரம்ப நுனியிலும் விழவைத்தால், வேகமில்லாத கேமராவிலும் 40 மைக்ரோ வினாடி கிடைத்துவிடும். ஆனால் இரண்டாம் படம் வெகுநேரம் திறந்தே இருக்கும். அறை வெளிச்சம் கசிந்தால் அது மட்டும் வெளுத்துப்போகும். அறையை இருட்டாக்குவதும், லேசரின் பச்சை நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியை மாட்டுவதும் அதற்காக.

அங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. துகளின் படம் இரண்டு மூன்று பிக்சல் அகலத்தில் விழவேண்டும். ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிட்டால் பிக்சலுக்குள் அது எங்கே இருக்கிறது என்று கணினியால் சொல்ல முடியாது. எல்லா நகர்வும் 3, 4, 5 என்று முழு எண்ணாகவே வந்து குவியும். இதற்கு மருந்து லென்சின் துளையைக் குறுக்குவது, அல்லது குவியத்தை மயிரிழை தளர்த்துவது. கூர்மையான படமே நல்ல படம் என்ற புகைப்படக்காரரின் பழக்கம் இங்கே உதவாது.

கடலுக்கு வருவோம். கரையோர நீரோட்டம் வினாடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், காற்றுச் சுரங்கத்தின் அவசரம் இங்கே இல்லை. நேர் எதிரான ஆபத்து இருக்கிறது. கேமரா 1920 பிக்சல் அகலம், லென்ஸ் 60 டிகிரி பார்வை. நூறு மீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் கரைக்கு இணையாகச் சுமார் ஆறு செ.மீ. வினாடிக்கு 25 படம் எடுத்து அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டால் நுரை நகர்வது 2 செ.மீ., அதாவது ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு. கணக்கின் பிசகு பொதுவாகப் பத்தில் ஒரு பிக்சல் இருக்கும். அளவில் கால் பங்குக்கு மேல் பிழை. அரை வினாடி இடைவெளி விட்டு ஒப்பிட்டால் நகர்வு நாலு பிக்சலுக்குச் சற்று மேல், பிழை சுமார் இரண்டரை சதவீதம். கேமராவை மாற்றவே இல்லை, இடைவெளியை மட்டும் மாற்றினோம். அதிவேகக் கேமரா வாங்கப் பணம் தேடுபவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கவேண்டும். அரை வினாடிக்கு மேல் நீட்டிக்கொண்டே போகவும் முடியாது. நுரை உருமாறிக் கரைந்துவிடும்.

இதைவிட முக்கியம் உயரம். நம் கணக்கில் இருக்கும் கேமரா 15 மீட்டர் உயர மாடியில் இருந்தால், நூறு மீட்டர் தொலைவில் பார்வை நீர்ப்பரப்பை எட்டரை டிகிரிச் சாய்வில்தான் தொடும். கரைக்கு இணையாக ஆறு செ.மீ. இருக்கும் அதே பிக்சல், கரையிலிருந்து கடலை நோக்கிய திசையில் சுமார் 40 செ.மீ. நீண்டுவிடும். முந்நூறு மீட்டர் தொலைவில் அது மூன்று மீட்டருக்கு மேல். அங்கே முன் அலையின் முதுகு பின்னால் இருக்கும் நீரை மறைத்தும்விடும். உயரத்தை 30 மீட்டராக்கினால் நூறு மீட்டரில் சுமார் 22 செ.மீ. ஆகிறது. நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கு பிக்சல் தரும் விலையுயர்ந்த கேமராவும் ஏறக்குறைய இந்த லாபத்தைத்தான் தரும், மறைப்பை அது தீர்க்காது. வைத்திக்குப்பத்துக் கரையில் தாழ்வான வீடுகளே பெரும்பாலும். அதனால் கரைக்கு இணையான வேகத்தை நம்பலாம், கடல்பக்கமாகப் போய் வரும் வேகத்தை அதே கேமராவிலிருந்து அவ்வளவு நம்பக் கூடாது. நல்ல வேளையாக மணல் கணக்குக்கு முதலில் வேண்டியது முன்னதுதான்.

பிக்சலை மீட்டராக்கக் கரையில் நிலையான புள்ளிகள் வேண்டும். கட்டட மூலை, விளக்குக் கம்பம், கருங்கல் சுவரில் வண்ணம் அடித்த கல் என்று இடம் துல்லியமாக அளக்கப்பட்ட புள்ளிகள். நீர்ப்பரப்பைத் தட்டையான தளமாகக் கொண்டால் கணக்குக்கு நான்கு புள்ளி போதும். ஏழெட்டு வைத்தால்தான் எது தவறு என்று கண்டுபிடிக்க முடியும். எல்லாப் புள்ளிகளும் ஒரு மூலையில் குவிந்திருக்கக் கூடாது. கடல் மட்டம் ஏறி இறங்குவதையும் சேர்க்கவேண்டும். புதுச்சேரியில் ஓதம் பெரிதல்ல, ஒரு மீட்டருக்குள். ஆனாலும் 15 மீட்டர் உயரக் கேமராவுக்கு அரை மீட்டர் மாற்றம் என்பது அளவுகோலில் மூன்று சதவீதப் பிழை. லென்சின் விளிம்பு வளைவைச் சதுரங்கக் கட்டம் அச்சிட்ட பலகையைப் பல கோணங்களில் படமெடுத்துத் திருத்திக்கொள்ளலாம். அதன்பின் ஜூமையும் குவியத்தையும் டேப் ஒட்டிப் பூட்டிவிட வேண்டும்; தொட்டால் திருத்தம் செல்லாது.

கைபேசியோ கண்காணிப்புக் கேமராவோ பயன்படுத்தினால் அதன் 'தானியங்கி' வசதிகள் ஒவ்வொன்றும் எதிரி. தானியங்கி ஒளியளவு ஒவ்வோர் அலைக்கும் படத்தை மங்கலாக்கி வெளுக்கும். தானியங்கிக் குவியம் படகு குறுக்கே போனால் அதன் பின்னாலேயே போகும். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி நகரும் கடலைப் பார்த்துவிட்டுக் கேமராதான் நகர்கிறது என்று நினைத்துப் படத்தையே இழுத்து வைக்கும். எல்லாவற்றையும் அணைக்கவேண்டும். ஒளியளவைச் சற்றுக் குறைத்தே வைப்பது நல்லது. எட்டு பிட் படத்தில் வெளிச்சத்துக்கு 256 படிகள்தான்; நுரை முழுதும் உச்சிப் படியில் முட்டி வெள்ளைத் திட்டாகிவிட்டால் அதற்குள் பின்தொடர ஒன்றும் மிஞ்சாது. 12 பிட் அறிவியல் கேமராவில் 4096 படிகள். வெயில் தகிக்கும் கடற்கரையில் அந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பது வீண்போகாது. ரோலிங் ஷட்டர் பற்றி இங்கே பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்: வரிசை வரிசையாகப் படிக்க 20 மில்லி வினாடி ஆனாலும் நுரை அதற்குள் ஒரு செ.மீ.தான் நகரும். லேசர் கூடத்தில்தான் படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் கட்டாயம்.

கண்ணுக்குத் தெரியாமல் கெடுப்பது காணொளிச் சுருக்கம். இடம் மிச்சப்படுத்த, மாற்றம் குறைவாகத் தெரியும் பகுதிகளை முந்தைய படத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடும். நமக்கு வேண்டிய மெல்லிய நுரை அமைப்புகள் அந்த இடங்களில்தான் இருக்கும். மென்பொருள் அசையாத நீரைக் கண்டு 'வேகம் சுழியம்' என்று எழுதும். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் காணொளி அளவைக்கு உதவாமல் போவதற்கு இது முக்கியமான காரணம். சுருக்காத படங்களாக, அல்லது தரம் இழக்காத டிஃப் கோப்புகளாகச் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த நேரம் பதிவாக வேண்டும். பல கைபேசிகள் வினாடிக்கு 30 படம் என்று சொல்லிவிட்டு வெளிச்சத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும். அந்த ஏமாற்று நேராக வேகத்தில் போய் விழும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் கடல் ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. படத்தில் மிக வேகமாக, மிகத் தெளிவாக நகர்வது நீர் அல்ல, அலை. ஒரு மீட்டர் ஆழத்தில் அலைமுகடு வினாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் கரையை நோக்கி வருகிறது. நீர் அந்த வேகத்தில் பயணம் செய்வதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்பொருளை ஓட்டினால் எல்லா அம்புகளும் கரையைப் பார்த்து நிற்கும். சிக்கடெல் குழுவின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. அலை உடையும் பட்டையில் கரைக்கு இணையாக ஒரே ஒரு கோடு. ஒவ்வொரு படத்திலிருந்தும் அந்தக் கோட்டின் பிக்சல்களை மட்டும் எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் ஒரு புதிய படம் கிடைக்கும்: குறுக்கே தூரம், கீழ்நோக்கி நேரம். நகரும் நுரை அதில் சாய்ந்த கோடாக விழும், சாய்வுதான் வேகம். அலைமுகடும் கோடு போடும். ஆனால் கரைக்குப் பத்து டிகிரி சாய்ந்து வரும் முகடு அந்தக் கோட்டின் மேல் வினாடிக்குச் சுமார் 18 மீட்டர் வேகத்தில் ஓடுவதுபோல் தெரியும். நுரையின் கோடு நன்றாகக் கீழே இறங்கும், முகட்டின் கோடு ஏறக்குறையப் படுக்கை. இரண்டையும் பிரிக்கக் கணினிக்குச் சிரமமில்லை. பாதியிலேயே அழிந்துபோகும் நுரை, அலை இழுத்துத் தள்ளும் நுரை எல்லாம் கலந்திருந்தாலும் சில நிமிடங்களின் அடுக்கிலிருந்து நம்பத்தகுந்த ஒரு வேகம் எழுந்து வரும்.

காற்றையும் மறக்கக் கூடாது. மேற்பரப்பில் மிதப்பது காற்று வேகத்தில் சுமார் மூன்று சதவீதம் கூடுதலாக இழுபடும். பிற்பகலில் வினாடிக்கு 10 மீட்டர் கடற்காற்று வீசினால் 30 செ.மீ. சேர்ந்துவிடும், அரை மீட்டர் ஓட்டத்தை அளக்கும்போது அது சின்னத் தொகை இல்லை. கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு காற்றுமானி இருக்கவேண்டும். வெயிலும் வைத்திக்குப்பத்தில் தனிக் கவனம் கேட்கும். கரை கிழக்கைப் பார்ப்பதால் காலை முழுதும் சூரியன் கேமராவின் முகத்தில். நீர் வெள்ளிபோல் மினுங்கும், அந்த மினுக்கம் அலையோடு போகுமே தவிர நீரோடு போகாது. துருவமாக்கும் வடிகட்டி ஓரளவு உதவும், இவ்வளவு தாழ்ந்த பார்வையில் முழுதும் உதவாது. உச்சிப்பொழுதுக்குப் பின் எடுக்கும் படங்களே நல்ல படங்கள், அதே நேரத்தில்தான் கடற்காற்றும் எழும் என்பதால் இரண்டையும் பார்த்து நேரம் குறிக்க வேண்டும். லென்சின் முன்கண்ணாடியில் உப்புப் படியும். தினமும் நல்ல தண்ணீரால் கழுவ ஓர் ஆள் வேண்டும்.

கடலைப் பார்க்கும் கேமரா கரையில் இருக்கும் மனிதர்களையும் பார்க்கும். படகு தள்ளுபவர்கள், வலை பின்னுபவர்கள், விளையாடும் பிள்ளைகள் எல்லோரும் சட்டகத்துக்குள் வருவார்கள். ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்டுவிட்டு வைப்பதும், மணற்பரப்பை வெட்டி நீர்ப்பகுதியை மட்டும் சேமிப்பதும், வரும் எண்களை அவர்களுக்கும் தருவதும் முறை. கரை அவர்களுடையது. கடலில் இன்னொரு கல் கொட்டலாமா, இன்னொரு தூண்டில் வளைவு போடலாமா என்று கூட்டம் கூடும்போது, 'இந்த ஆடியில் நீர் இவ்வளவு வேகத்தில் வடக்கே ஓடியது' என்று சொல்ல அவர்கள் கையில் பதிவு இருக்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அந்தப் பதிவை நம்புவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி. காற்று ஓய்ந்த வேளையில், பெரும்பாகம் மூழ்கி மிதக்கும் தேங்காய்களைச் சிலர் நீந்திப் போய் அலை உடையும் பட்டையில் விடவேண்டும். கரையில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பு. ஒரு கம்பிலிருந்து அடுத்த கம்புக்குத் தேங்காய் போகும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறிக்க, அதே நேரத்தில் கேமராவும் ஓடவேண்டும். நூறு வினாடி எடுத்தால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். மென்பொருளும் அதை ஒட்டிச் சொன்னால் தொடரலாம். விலகினால் மென்பொருளின் அமைப்புகளைத் திருகத் தொடங்காமல், மாடிக்குப் போய்ப் புள்ளிகளையும் உயரத்தையும் பட நேரங்களையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். தெண்டி ஓடும் மாதத்தில் ஒருமுறை, வன்னி ஓடும் மாதத்தில் ஒருமுறை இதைச் செய்யவேண்டும்; அலை வரும் சாய்வு மாறும்போது பிழையின் குணமும் மாறும்.